கேஸ் தாளா, கரண்டு தாளா?

ஏர்கான், அதாவது ஏசி, மெக்கானிக்கை அவன் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்: நெருப்பு சுட்ட தழும்பும் இருக்கும், குளிரூட்டும் கேஸ் பட்டு உறைந்து தோல் உரிந்த தழும்பும் இருக்கும். என்னிடம் இரண்டும் இருந்தன. இல்லாதது தாள். வேலை தெரிந்தும் சான்றிதழுக்கு அலைந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

வெள்ளைக்காரன் கொடுத்த தாள்

ஐம்பதுகளில் சிங்கப்பூரின் வடக்கே பிரிட்டிஷ் தளத்தில் வேலை. இறைச்சி வைக்கும் குளிரறைகளை மூன்று பேர் பார்த்துக்கொண்டோம்: நான், கோவிந்தன், காதர். குடியிருந்த வீடும் தளத்தினுடையதுதான். மனைவி, மூன்று பெண்கள், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. தளத்திலேயே ஒரு பரீட்சை வைத்தார்கள். முதல் கிரேடு தேறினேன். முத்திரை குத்திய தாள் வந்தது. போதும் என்று இருந்துவிட்டேன்.

காதர் நாகூர்க்காரர். அவர் மட்டும் வேலை முடிந்ததும் பஸ் ஏறி டவுனுக்குப் போய், குளிர்சாதன வேலைக்கான லண்டன் பரீட்சைக்குப் படித்தார். கேஸ் தாள் என்போம் அதை. இரண்டு வருஷப் படிப்பு. "அதான் ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு என்னத்துக்கு பாய்?" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தத் தாளு இந்த வாசல் வரைக்கும்தான் அண்ணே. வெளிய போனா மீன் கட்டத்தான் ஆகும்."

கையைக் காட்டி வேலை கேட்டது

அறுபதுகளின் கடைசியில் தளத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். எனக்கு எட்டு மாத நோட்டீஸ். வேலை போனால் வீடும் போகும். காதர் அதற்குள் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மேலே வந்துவிட்டார். நான் ஓர் ஏர்கான் கம்பெனிக்குப் போய் நின்றேன். சீன இஞ்சினியர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு மெஷினைக் காட்டிக் கேஸ் ஏற்றச் சொன்னார்.

பிரஷர் காட்டும் கேஜை நான் தொடவில்லை. தளத்தில் நாங்கள் யாரும் தொட்டதில்லை. திரும்பி வரும் குழாயில் உள்ளங்கையை வைப்போம். குழாயில் பூக்கும் வேர்வை கம்ப்ரசர் பக்கம் வந்து நின்றால் அளவு சரி. அப்படித்தான் ஏற்றினேன். அவர் கேஜை மாட்டிப் பார்த்தார். முள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. "எவ்வளவு பிரஷர்?" என்றார். "சரியான பிரஷர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் கொடுத்த தளத்துத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "உன் கை நல்ல கைதான் லா. அதை எப்படி ஃபைல்ல வைக்கிறது?"

குறுக்கு வழி

கேஸ் தாளுக்கு இரண்டு வருஷம். கரண்டு தாளுக்கு, அதாவது ஒயர்மேன் லைசென்ஸுக்கு, ஐந்து மாதம். மெஷினில் பாதி கரண்டுதானே? சேர்ந்துவிட்டேன். காதர் ஏதோ சொல்ல வந்தார். எனக்கு நிற்க நேரமில்லை.

செய்முறைத் தேர்வில் மோட்டாருக்கு லைன் கொடுத்து ஓட்டிக் காட்டவேண்டும். ஓடியது. ஆனால் சத்தம் கொஞ்சம் கனம். சூடு பார்க்கலாம் என்று கை தானாகப் போய் மோட்டார் மேல் உட்கார்ந்தது. மெயினை அணைக்கவில்லை. மூடாத டெர்மினல் இரண்டு விரல் தள்ளி இருந்தது. தேர்வாளர் யாழ்ப்பாணத்துக்காரர். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "நீர் போகலாம். உயிரோட போறீர், அது காணும்."

கோவிந்தன் கேட்டது

மிச்சம் இரண்டு மாதம். காதரிடம் போனேன். பத்து வருஷம் வேலை பார்த்தவன் வகுப்புக்குப் போகாமலே கேஸ் பரீட்சை எழுதலாம் என்றார். முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கத்தினேன். "சொல்ல வாயெடுத்தேன், நீங்க பஸ் ஏறிட்டீங்க" என்றார். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை ஐஸ்பெட்டிதான் எங்கள் பள்ளிக்கூடம். நான் குழாயைத் தொடுவேன். அவர் கேஜை மறைத்துக்கொண்டு எண்ணைக் கேட்பார். கை அறிந்ததை எண்ணாகச் சொல்ல ஒரு மாதம் பிடித்தது.

கோவிந்தனையும் கூப்பிட்டேன். என்னைவிட நல்ல கை அவனுக்கு. "எனக்கு இங்கிலீஷ்ல கையெழுத்து மட்டும்தான் வரும், விடு" என்றான். சிங்கப்பூர்க் குடியுரிமையும் எடுத்திருக்கவில்லை; அது இல்லாதவனுக்கு வேறு வேலை கிடைப்பது கஷ்டம். குடும்பத்தோடு ஊருக்கே திரும்ப முடிவு செய்துவிட்டான்.

நான் தேறினேன். காதர் சொல்லி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தள வீட்டைக் காலி செய்து வாடகை வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் தெருவில் நிற்கவில்லை. கோவிந்தனை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனபோது தாள் என் பையில் இருந்தது. காட்டுகிற எண்ணமில்லை. அவனே கேட்டு வாங்கினான். படிக்க வராது, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், முத்திரையைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு கேட்டான்: "நாம பார்த்த வேலை இதுல எங்கடா எழுதியிருக்கு?"

ஓய்வு பெறும்வரை அந்தத் தாளைக் கேட்டவர்கள் இரண்டே ஆபீசர்கள். ஒரு மெஷின்கூடக் கேட்டதில்லை.