திருத்தியவர் பெயர்

தேபன் சுமகைசாய்க்கு முப்பத்து மூன்று வயது. முக்கோணவியல் வகுப்பில் மற்ற எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது. பிலிப்பைன்ஸில் இலோயிலோ நகரத்திலிருந்து எதிரே உள்ள கிமாரஸ் தீவுக்குப் போகும் மோட்டார் படகில் பதினான்கு வருடம் கயிறு பிடித்தவர். காலையில் இரண்டு நடை போய்வந்து, அவசரமாகக் குளித்து, மாலுமிக் கல்லூரியின் வெள்ளைச் சீருடையில் வந்து உட்காருவார். கழுத்துப்பட்டை ஈரமாக இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் கையிலிருந்து டீசல் வாசனை போகாது. நான் அவருக்கு வலப்பக்கம்.

பையன்களுக்கு அவர் கேப்டன்.

"கேப்டன், தீவுக்குப் பாலம் வந்துட்டா உங்க படகை என்ன செய்வீங்க?"

"அதுக்குத்தான்டா உங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு சைன், கோசைன் படிக்கிறேன். பாலம் வர்றதுக்குள்ள கப்பலேறிருவேன்."

விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. எங்கள் கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொள்ளும் கப்பல் நிறுவனம் முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்காது. இந்த வருடம் முக்கோணவியலில் தேறினால் அடுத்து கடல்வழிப் பாடம், முப்பத்தைந்தில் கப்பல். இந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒருமுறை தவறினால் முப்பத்தாறு. கதவு சாத்திவிடும்.

அவர் சைன், கோசைன் அட்டவணையை மனப்பாடம் செய்யாதவர். முப்பது, அறுபது என்று எந்தக் கோணம் வந்தாலும் தாளின் ஓரத்தில் ஒரு முக்கோணம் வரைவார். ஒரு மூலையில் சின்னதாகப் படகு, இன்னொரு மூலையில் கலங்கரை விளக்கம். பக்கங்களில் 1, 2, √3 என்று எழுதி, பார்த்துப் பார்த்து விடை எடுப்பார். "எண்ணெல்லாம் எனக்கு மறந்துபோகும் தம்பி. படகு மறக்காது," என்பார். எங்களில் பாதிப் பேருக்கு விடை தெரியும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எனக்கும்தான்.

பெரிய தேர்வு ஒரு புதன்கிழமை. ஐம்பது கேள்வி, முப்பது எடுத்தால் தேர்ச்சி. மணியடித்ததும் வில்யாருஸ் மேடம் வழக்கம்போல, "தாளை மாத்திக்கோங்க," என்றார். பக்கத்தில் இருப்பவர் தாளை நாம் திருத்த வேண்டும். அடியில் 'திருத்தியவர்' என்று நம் பெயரையும் எழுத வேண்டும். "வேற மாதிரி எழுதியிருந்தாலும் மதிப்பு ஒன்னா இருந்தா சரி. சந்தேகம்னா கையைத் தூக்குங்க," என்று சொல்லிவிட்டு விடைகளைப் பலகையில் எழுத ஆரம்பித்தார்.

ஏழாவது கேள்வியில் தேபன் கையைத் தூக்கினார். அவரிடம் இருந்தது என் தாள்.

"மேடம், இவன் பாயிண்ட் அஞ்சுன்னு போட்டிருக்கான். பலகைல ஒன்னு பை ரெண்டு. ரெண்டும் ஒன்னுதானே?"

வகுப்பு வெடித்தது. "அரை பாட்டிலும் பாட்டில்ல பாதியும் ஒன்னான்னு கேளுங்க கேப்டன்!"

அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சரி போட்டார்.

பத்தொன்பதாவது, டேன் 30. பலகையில் √3/3. என்னிடம் இருந்த அவர் தாளில் 1/√3. ஓரத்தில் படகு, கலங்கரை விளக்கம், எல்லாம் இருந்தது. மேலும் கீழும் √3 ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்று. எனக்குத் தெரிந்தது. சந்தேகம்கூட இல்லை. கையைத் தூக்கி, எழுந்து நின்று, நாற்பது பேர் திரும்பிப் பார்க்க ஒரு வாக்கியம் பேச வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு இன்னும் அறையிலேயே இருந்தது. கை மேசை விளிம்புவரை வந்து நின்றுவிட்டது.

தப்பு போட்டேன். அடியில் என் பெயரை எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது.

மேடம் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் தன் மதிப்பெண்ணைச் சொன்னார்கள்.

"சுமகைசாய்?"

"இருபத்தொம்போது, மேடம்."

அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெனான், "கேப்டன் தரை தட்டிட்டாரு!" என்றான்.

வாசலில் தேபன் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் கோத்த வாழைப்பழம் வாங்கினார். ஒரு குச்சியை என்னிடம் நீட்டினார். தாளை மேலும் கீழும் பார்த்தார். "பத்தொம்பதுல எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். என்னன்னுதான் தெரியல. சரி, நீ திருத்துனா சரியாத்தான் இருக்கும்."

நான் தின்றேன். அதையும் சொல்ல வேண்டும், முழுக் குச்சியையும் தின்றேன்.

வியாழக்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. வெள்ளி மாலை மதிப்பெண் பட்டியல் அலுவலகம் போகிறது. வெள்ளி காலை படகுத்துறைக்குப் போனேன். அவர் கிமாரஸ் மாம்பழக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, தீவுக்கா?"

"இல்லண்ணே. அந்தப் பத்தொம்பதாவது... நீங்க எழுதுனது சரி."

கூடையைக் கீழே வைத்தார். நான் ஒரு சீட்டில் பெருக்கிக் காட்டினேன். முதல் வரியிலேயே புரிந்துகொண்டார்.

"நீ எப்ப கண்டுபிடிச்ச?"

'நேத்து' என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாய்வரை வந்தது.

"தப்பு போடும்போதே தெரியும்ணே."

வந்து மோதவிருந்த படகொன்றை அவர் காலால் தள்ளிவிட்டார். பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்தார். "வா. நீயே சொல்லு."

ஆசிரியர் அறையில் நான்கைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேபன் தாளை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இதை யார் திருத்துனது?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம். அன்னைக்கே தெரியும். கை தூக்கல."

கரண்டிகள் நின்றன. "ஏன்? வாய்ல கொழுக்கட்டையா?" என்றார். 29ஐ அடித்து 30 என்று எழுதினார். கீழே என் பெயரையும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

படிக்கட்டில், "மன்னிச்சிருங்கண்ணே," என்றேன்.

"அதான் பாஸாயிட்டேன்ல. விடு தம்பி," என்றார். கோபம் இல்லை. தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

அடுத்த பருவம் கடல்வழிப் பாடம். அதே அறை, அதே இருக்கைகள். இடப்பக்கம் ரெனான், நடுவில் அவர், வலப்பக்கம் நான். முதல் சின்னத் தேர்வு முடிந்து, "தாளை மாத்திக்கோங்க," என்ற குரல் வந்தது. நான் என் தாளை நீட்டினேன்.

அவர் தன்னுடையதை ரெனானிடம் கொடுத்திருந்தார்.