மொச்சைக்கு வைத்த காந்தம்

ஹேமாவதிக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அதிலும் மாசியில் மொச்சை காயும் மூன்று நாட்கள் கேட்கவே வேண்டாம். அடுப்பில் சோறு, மாடியில் மொச்சை, உள்ளே இருமும் பிள்ளை என்று படி ஏறுவதும் இறங்குவதுமாகவே இருப்பாள்.

பள்ளிப்பட்டில் அண்ணன் விளைவிக்கும் மொச்சை வருடம் ஒரு மூட்டை கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிடும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் டின்னில் ஒரு வண்டு விழுந்ததில்லை. கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், அதுவரை வெயில். பிறகு நிழலில் ஆற வேண்டும். சூட்டோடு கொட்டினால் வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஆறியதும் காய்ந்த வேப்பிலையும் நாலு மிளகாயும் போட்டு மூடிவிட்டால் அடுத்த தை வரை கவலையில்லை. வேறு எதைப் பற்றியும் அவளால் இப்படி உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

மகள் பூமிகாவைப் பற்றி நிச்சயமாக முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கார்த்திகையில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. திருநின்றவூரில் தங்கை வினோதாவின் வீட்டு மாடி காலியாக இருந்தது. அங்கே போய்விடலாம் என்று ஹேமாவதி சொல்லாத நாளில்லை. கணவன் மணவாளன் மசியவில்லை. அவன் வேலை செய்யும் இரும்புக் கம்பி மில் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

"அங்கேர்ந்து ரெண்டு ரயிலு மாறி ஷிப்டுக்கு வர்றதுக்குள்ள தாவு தீந்துடும். சீசன் இருமலுக்கெல்லாம் ஊட்டக் காலி பண்ணுவாங்களா?"

"நாலு மாசமா இன்னா சீசன்யா அது?" என்பாள் அவள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம், மறுநாள் குழம்புக்கு ஊறப்போட ஒரு படி மொச்சையைக் கழுவினாள். தண்ணீர் கறுத்தது. போன வருடம் இரண்டே தண்ணீரில் தெளிந்தது, இந்த முறை நாலாவது தண்ணீரும் கறுப்பாகவே வந்தது. அவள் புலம்பலைக் கேட்ட மணவாளன், பழைய ஸ்பீக்கரைக் கழற்றிக் காந்தத்தை எடுத்தான். அதைப் பாலிதீன் கவரில் சுற்றி, தட்டில் பரப்பியிருந்த மொச்சையின் மேல் இழுத்தான். கவர் முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்தது.

"பாத்தியா, இரும்புத் தூளு. மில்லுத் தூசி காத்துல வந்து குந்திக்கினு கீது. இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு! மொத்தத்தையும் இப்டித் தேச்சி எடு, சுத்தமாயிடும்."

பெரிய விஞ்ஞானி மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பினான்.

விடிந்ததும் ஹேமாவதி எல்லா மொச்சையையும் தேய்த்து எடுத்து டின்களில் நிரப்பினாள். கடைசி டின்னை மூடும்போது கை நின்றது. மொச்சை வெளியே கிடந்தது மூன்றே நாட்கள். பூமிகா பிறந்ததிலிருந்து மில்லைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழேதான் படுக்கிறாள்.

காந்தத்துக்குப் புதுக் கவர் சுற்றி, பிள்ளையின் தலையணை மேல் இழுத்தாள். ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே இழுத்தாள். வந்தது. நேற்றுத் துவைத்துப் போட்ட உறை அது. மொச்சைக்கு இத்தனை பார்த்தவள் பெற்ற பிள்ளைக்குப் பார்க்கவில்லையே என்று அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

மணவாளன் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தான். கத்தரிக்காய் போட்ட மொச்சைக் குழம்பை ஊற்றிவிட்டு, தட்டின் பக்கத்தில் காந்தத்தை வைத்தாள்.

"அடேங்கப்பா, மொச்சையில இன்னும் இவ்ளோ இருந்துச்சா?"

"மொச்சையெல்லாம் டின்னுக்குப் போயாச்சு. இது உம் பொண்ணு தலகாணியில வந்தது."

உள்ளே பூமிகா இருமினாள். அவன் சீசன் என்று சொல்லவில்லை. எச்சில் கையோடு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

"வினோதாவுக்கு போன் போடு. அந்த மாடி இன்னும் காலியாக் கீதான்னு கேளு."

"காலையிலயே கேட்டுட்டேன்," என்றாள் ஹேமாவதி. அப்போதுதான் அவன் கவனித்தான். மொச்சை டின்கள் கயிறு கட்டி வாசலோரம் நின்றன.