வலப்பக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது

எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அக்காவின் பட்டப்பெயர் 'நோண்டி'. வைத்தவன் வாய் வெந்து போக! மோதிய வண்டிகளுக்கு நாங்கள் இழப்பீடு கொடுத்த பிறகு, தப்பு யார் மேல் என்று கண்டுபிடித்து அவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவது அவள் வேலை. நோண்டாமல் எப்படித் தெரியும்? நான் அவளோடு கூடப் பிறந்தவள் இல்லை. பக்கத்து மேசைக்காரி, பதினோரு வருஷமாக அவள் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவள்.

அன்றைக்கு வந்த கோப்பில் எல்லாம் முடிந்தே இருந்தது. திரும்பிக்கொண்டிருந்த பால் வேனைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடிக்க, வேன் தள்ளிப்போய் ஓரமாக நின்ற காரை நசுக்கியிருக்கிறது. கார் எங்களிடம் காப்பீடு செய்தது. வேன்காரர் சிக்னல் போடாமல் திரும்பினார் என்று லாரி தரப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. மேனேஜரும் தலையாட்டிவிட்டார். லாரி முதலாளியின் நாற்பது வண்டிகளும் எங்கள் வாடிக்கை அல்லவா!

வேன்காரர் அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சிக்னல் போட்டுத்தாம்மா திரும்பினேன். தப்பு என் மேலன்னு ஆயிட்டா லைசென்ஸ் போயிடும். எனக்கு வேற தொழில் தெரியாது."

"நான் நம்பி மட்டும் என்ன பிரயோஜனம் அண்ணே? வேன் எங்க கிடக்கு?"

என்னையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். எண்ணெய்ச் சேற்றில் முட்டி போட்டு, நசுங்கிய பின்பக்கத்திலிருந்து வலப்பக்க சிக்னல் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினாள். எரியும்போது அடி விழுந்தால் உள்ளே இருக்கும் கம்பி இழை இளகி நீண்டு தொங்கும். அணைந்திருந்தால் அப்படி நீளாது. இது தொங்கியது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

மறுநாள் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த அறிக்கையை மேனேஜர் தள்ளி வைத்தார்.

"லாரிக்காரர் எவ்வளவு பெரிய பார்ட்டி தெரியுமா? உங்களுக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?"

"பெரிய பார்ட்டின்னா பிரேக் பிடிக்க வேண்டாமா சார்?"

"மாத்தி எழுதலேன்னா உங்களையே ஊர் மாத்திடுவேன்."

"மாத்துங்க. போற ஊர்லயும் வண்டி மோதத்தானே செய்யும்?"

அவர் கடைசித் தாளைத் தட்டினார். பல்பைக் கழற்றும்போது பார்த்த சாட்சியின் கையெழுத்து அங்கே இருக்க வேண்டும். பட்டறைக்காரர் பயந்து நழுவிவிட்டார். "சாட்சி இல்லாம இது செல்லாது" என்றார் மேனேஜர். முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னை மாட்டிவிட அவளுக்கு மனசில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷன் சொன்னதற்கெல்லாம் 'சரி சார்' போட்டவள் நான். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் பார்த்தேன் சார்." பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"உனக்கும் டிரான்ஸ்பர் வேணுமா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ஊராப் போட்டுடுங்க."

சாட்சியோடு வந்த அறிக்கையை அவரால் அமுக்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம் லாரி முதலாளிக்குப் போயிற்று. வேன்காரர் மறுபடி பால் வேன் ஓட்டுகிறார். அடுத்த மாதமே எங்களுக்கும் மாற்றல் ஆணை வந்தது. அக்கா ஒரு கோடி, நான் மறு கோடி.

மேசையைக் காலி செய்யும்போது அக்கா கேட்டாள். "வருத்தமா இருக்கா?"

"நான் போட்ட கையெழுத்தை இனிமே யாராச்சும் அழிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் என்ன வருத்தம்!"