நாலு பேருக்கு ஒரு கேன்

2024, மே 7, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.40. காற்று அசையாத வெயில். மேற்கு மலை புழுதி மூடிக் கிடந்தது. குச்சனூர்ப் பக்கம் என் திராட்சைத் தோட்டத்தில், பந்தலுக்கடியில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியோடு சரிந்து விழுந்தார்.

அவர் ராமநாதபுரம் கடற்கரைக்காரர். மீன்பிடித் தடைக்காலத்தில் மூன்று வருடங்களாக மனைவியோடு என்னிடம் வேலைக்கு வந்தார். முன்பெல்லாம் அந்த இரண்டு மாதமும் வலையைச் சரிபார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பாராம். கடல் சூடேறி மீன் தள்ளிப் போய்விட்டது. காலையில் போய் மாலையில் திரும்பிய படகு இப்போது மூன்று நாள் கடலில் கிடக்கிறது, கிடைப்பதோ பாதிதான்.

முதல் வருடமே அவர் குடிக்கும் தண்ணீரைக் கவனித்திருந்தேன். மற்ற ஆட்கள் ஐந்து செம்பு குடித்தால் இவர் ஒன்று.

"என்னப்பா, ஒட்டகமா நீ?"

"ஒட்டகத்துக்கு ஒதுங்க எடம் இருக்கு ஐயா. படகுல எங்க போறது? நாலு பேருக்கு மூணு நாளைக்கு ஒரு கேன். சோறாக்கவும் அதுதான். தண்ணி கூடுதலா ஏத்துனா மீனுக்கு ஐஸ் கொறையும்."

இருபது லிட்டர் கேன். வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் லிட்டர்கூட வரவில்லை. சிக்கனமான ஆள் என்று மற்றவர்களிடம் மெச்சிக்கொண்டேன்.

தேனி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். பல வருடத்து வெயிலும் தாகமும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். மருந்தும் நிழலுமாக இருந்தால் காலம் தள்ளலாம். மறுபடி கடலுக்குப் போனால் டயாலிசிஸ்தான்.

கட்டிலருகே நின்ற அவர் மனைவி கேட்டார்: "தோட்டத்துலயே வருசம் பூரா வேல குடுப்பியளா ஐயா? நெழல்ல செய்யிற வேலையா? பாதிச் சம்பளம் போதும்."

இரண்டு பேர், பன்னிரண்டு மாதம், பருவம் தப்பி மழை பெய்தால் விழும் விலை. மனதுக்குள்ளேயே கூட்டிப் பார்த்தேன்.

"ரெண்டு மாசந்தான் ஆத்தா கட்டுபடியாகும்."

"அப்பக் கடலுதான்," என்றார். குரலில் கோபம் இல்லை.

படுத்திருந்தவர் சிரித்தார். "ஐயா கணக்குத் தப்பாது புள்ள."

தடை முடிவதற்கு முதல் நாள் பஸ் ஏற்றிவிட்டேன். மாசியில் அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறதாம். பணம் எதுவும் கேட்கவில்லை. இந்தத் தடைக்காலத்துக்கு வர முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம்.

ஆஸ்பத்திரி, மருந்து, இரண்டு பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து அவருக்காக நான் செலவழித்தது பதினான்காயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.