கும்மிடிப்பூண்டிக் கூரையில் நாற்பது புள்ளிகள்

காலை 6.35, சென்னை சென்ட்ரல். கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் ரயிலில் பதினைந்து ரூபாய். பையில் மடிக்கணினி, அளவுநாடா, ஒளியைத் திருப்பியடிக்கும் வட்ட ஸ்டிக்கர்கள் நூறு, தயிர்சாதம். பக்கத்தில் இருந்த அக்கா எந்தக் கம்பெனி என்று கேட்டார். சினிமா வேலை என்றேன். “கும்முடிப்பூண்டில இன்னா சினிமா? இரும்புத் தூளுதான் கீது” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

8.10. நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். தொழிற்பேட்டையின் பழைய பட்டறை ஒன்றுதான் இப்போது படப்பிடிப்புத் தளம். நாற்பதடி எல்.இ.டி. சுவரில் மலைப்பாதை தெரிகிறது. அதன் முன்னால் ஒரு ஜீப். கேமரா நகர்ந்தால் சுவரில் மலையும் அதற்கேற்ப நகர வேண்டும். கேமராவின் தலையில் உள்ள சிறு கண், கூரையில் ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் புள்ளிகளைப் பார்த்து இடத்தைக் கணக்கிடும். அதைப் பொருத்தியது எங்கள் கம்பெனி. நேற்றிலிருந்து, கேமரா நடுத்தளத்துக்கு வந்தால் மலை துள்ளுகிறது.

ஒரு மணிக்கு நடிகர் வருகிறார், அதற்குள் சரியாகாவிட்டால் யூனிட் ஹைதராபாத்துக்குப் போய்விடும் என்றார் தள மேலாளர். “இதுல யாரு கைவெச்சதுன்னு எழுதிக் குடுங்க மேடம். இன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பிடுறேன்.”

8.50. லென்ஸ், கேபிள், நெட்வொர்க், நேர ஒத்திசைவு எல்லாம் சரி. அண்ணாந்து பார்த்தேன். நடுக்கூரையில் நாற்பது புள்ளிகள் ஓரடி இடைவெளியில் வரிசைகட்டி நின்றன. தளம் அமைத்தபோது நாங்கள் சிதறித்தான் ஒட்டியிருந்தோம். சிதறினால்தான் ஒவ்வொரு புள்ளிக் கூட்டத்துக்கும் தனி முகம். வரிசையில் எல்லாம் ஒரே சாயல். கருவி ஓரிடத்தை இன்னோரிடம் என்று நம்பிவிடும்.

பராமரிப்பு வேலை பார்க்கும் தேவராஜ் அண்ணன் அருகில் வந்தார். ஆரம்பாக்கத்துக்காரர், ஒப்பந்த ஊழியர்; முன்பு பதினாறு வருடம் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். “வெயிலுக்கு உரிஞ்சி தொங்கிக்கினு இருந்துச்சு மேடம். கோணல்மாணலா கீதேன்னு நூல் புடிச்சி நாந்தான் நேரா ஒட்னேன்” என்றார், தாழ்ந்த குரலில். “எழுதிடுவீங்களா?”

ஆளைக் கூரைவரை தூக்கும் லிஃப்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

9.30. லிஃப்டில் அவரை ஏற்றி, நாற்பதையும் பிய்த்துவிட்டு அங்குமிங்குமாக ஒட்டச் சொன்னேன். பத்து ஒட்டியதும் கீழிருந்து பார்த்தால், மூலைக்கு மூலை நேர்கோடு. “கோணலா ஒட்ட கை வரமாட்டேங்குது மேடம், பேஜாரா கீது.”

அந்தப் பத்தையும் பிய்த்துவிட்டு இறங்கி வந்தார். டப்பாவிலிருந்து நட்டுகளை அள்ளி, விதைப்பதுபோலத் தரையில் வீசினார். ஒவ்வொரு நட்டுக்கும் நேர்மேலே, தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் புள்ளி ஒட்டத் தொடங்கினார்.

12.05. நாற்பதாவது புள்ளி. இனிக் கருவி புதுக் கூரையைப் படிக்க வேண்டும். கேமராவைத் தளம் முழுக்க மெல்ல உருட்டினோம். மேலாளர் இரண்டு முறை மணி சொன்னார்.

12.50. இடமிருந்து வலம். நடுத்தளத்துக்குக் கேமராவை உருட்டினேன். மலை துள்ளவில்லை. திரும்ப ஒருமுறை, துள்ளவில்லை.

2.40. பணி அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டம். இப்படி எழுதினேன்: வெயிலில் புள்ளிகள் உரிந்தன. மறுபடி ஒட்டும்போது வரிசையாக வைக்கக் கூடாது என்று, பொருத்திய நான் இங்கே யாருக்கும் சொல்லிவைக்கவில்லை.

மேலாளர் இரண்டு முறை படித்தார். “கைவெச்சது யாருன்னு இல்லியே?”

“அப்படி ஒரு கட்டம் இதில் இல்லை சார்.”

வெளியே வரும்போது தேவராஜ் அண்ணன் தூணில் பெயின்டால் எழுதிக்கொண்டிருந்தார்: ‘மேலே புள்ளிகளை நேராக்காதே’. எழுத்துகள் கோடு போட்டதுபோல இருந்தன.

ரயில் பொன்னேரியைத் தாண்டுவதற்குள் என் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, தவறு நம்முடையதா என்று கேட்டு. எழுதியதையே வாயாலும் சொன்னேன்.