முந்நூற்றுப் பதினெட்டும் பச்சை

அந்த அறையில் ஏழு நாற்காலிகள். நான்கில் ஆட்கள் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். இந்தப் பக்கம் நானும் எங்கள் மேனேஜரும். எங்களிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி, கதவோரம், ரத்த வங்கியின் டெக்னீஷியன் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் நீள அட்டை போட்ட ஒரு ரிஜிஸ்டர். யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதைப் போல அதை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அவருக்கு வேலை இருக்குமா, போகுமா என்று தீர்மானிக்கத்தான் கூடியிருந்தோம். என் கையில் மூன்று தாள்கள். அந்தத் தாள்கள் அவருடைய வேலையைப் பறித்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அவை போதாத சாட்சி என்பதும், அந்த நால்வரில் எனக்கும் மேனேஜருக்கும் மட்டும், தெரியும்.

அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. வங்கிக் கணினிப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, தி. நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். பதினொரு பேரில் நான்தான் மூத்தவன். அடையாறில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் செய்துகொடுத்தோம். அவர்களுடைய ரத்த வங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம், சைதாப்பேட்டையில், தனிக் கட்டடத்தில் இருந்தது. வார்டில் ரத்தம் தேவைப்பட்டால் நர்ஸ் எங்கள் திரையில் கேட்பார். எங்கள் நிரல் ரத்த வங்கியின் பழைய கணினியைக் கேட்கும். இருக்கிறது என்று பதில் வந்தால் பை ஒன்று அந்த நோயாளியின் பெயரில் ஒதுக்கப்பட்டுவிட்டது என்று பொருள்; திரையில் பச்சை வரும். இல்லையென்றால் சிவப்பு. முன்பு இதெல்லாம் தொலைபேசியில் நடந்தது.

நிரலை எழுதியவன் நான். சோதித்தவனும் நானே. ஒவ்வொரு முறையும் சைதாப்பேட்டையின் உண்மையான கணினியைத் தொந்தரவு செய்து சோதிக்க முடியாது. ஆகவே அதைப்போலவே பதில் சொல்லும் ஒரு போலியைச் செய்து அதன் இடத்தில் வைப்போம். எங்கள் தொழிலில் அதற்கு மாக் என்று பெயர். அலுவலகத்தில் டம்மி என்போம். டம்மிக்கு நாம் சொல்லிக்கொடுத்த பதில்கள் மட்டுமே தெரியும். என் டம்மிக்கு இரண்டு தெரியும்: உண்டு, இல்லை. அதை வைத்து முந்நூற்றுப் பதினெட்டு சோதனைகள் எழுதினேன். எல்லாவற்றையும் ஓட்ட நாற்பது விநாடி ஆகும்; சோதனை தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. முந்நூற்றுப் பதினெட்டும் பச்சையாக வரும்போது, வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்த நிம்மதி கிடைக்கும். நான் நான்கு முறை இழுத்துப் பார்க்கிறவன்.

அந்த இரண்டு பதில்களையும் குறித்துக்கொள்ளத்தான் முதன்முதலில் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். பிற்பகல் மூன்று மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. சைதாப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா சார், மத்தியானத்துல வந்து குந்திக்கினு கீறீங்க? இப்போ கேட்டா இது நல்ல புள்ள மாதிரி பதில் சொல்லும். காலைல ஒம்போது, பத்துக்கு வாங்க. கிராஸ்மேட்ச் பண்றப்போ நான் ஸ்கிரீன லாக் பண்ணிடுவேன். அப்போ எத்தினி தபா கேட்டாலும் வெயிட்டு, வெயிட்டுன்னுதான் சொல்லிக்கினு இருக்கும்.”

கிராஸ்மேட்ச் என்பது நோயாளியின் ரத்தமும் பையிலுள்ள ரத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வேலை. அவர் ஒருவரே செய்தாக வேண்டும், கவனம் சிதறாமல். நான் தலையாட்டினேன். என் குறிப்பேட்டில் ‘காலையில் வரச் சொன்னார்’ என்றும் எழுதிக்கொண்டேன். போகவில்லை. மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடிக்க வேண்டும், கணினியோடு வந்த கையேட்டிலும் இரண்டு பதில்களே இருந்தன. அதனால் நிரலில் இப்படி எழுதினேன்: இல்லை என்று வந்தால் சிவப்பு, வேறு எது வந்தாலும் பச்சை. இருப்பதே இரண்டு பதில்தான் என்று நம்புகிறவனுக்கு அதில் தவறே தெரியாது. அந்த நம்பிக்கையை வைத்தே டம்மியையும் செய்தேன். நிரலும் டம்மியும் ஒரே ஆளின் ஒரே எண்ணம். ஒன்றை ஒன்று எப்படி மறுக்கும்?

மென்பொருள் ஓடத் தொடங்கிய ஆறாம் நாள் காலை, பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். பத்து மணி நான்கு நிமிடத்துக்கு நர்ஸ் திரையில் கேட்டார். சைதாப்பேட்டையின் கணினி ‘வெயிட்’ என்றது. என் நிரல் பச்சை காட்டி, ‘ஒதுக்கப்பட்டது’ என்று எழுதியது. ரத்தம் வந்துகொண்டிருக்கிறது என்று நம்பி வார்டு காத்திருந்தது. இருபத்திரண்டு நிமிடம் கழித்துத்தான் பொறுக்கமுடியாமல் ஒரு நர்ஸ் தொலைபேசியை எடுத்தார். டெக்னீஷியன் அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்த ஒன்பதாவது நிமிடம் பை ஐஸ் பெட்டியில் ஏறி வெளியே போய்விட்டது. அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. யார் மேல் தவறு என்று அவளுடைய கணவர் கேட்டார். எங்கள் கணினிப் பதிவில் ‘10:04, ஒதுக்கப்பட்டது’ என்று இருந்தது. ஒதுக்கிவிட்டு அனுப்ப மறந்தவர் டெக்னீஷியன் என்றாயிற்று.

விசாரணைக்கு முந்தைய நாள் பதிவை வரிவரியாகப் படித்தபோது, ஒதுக்கப்பட்ட பைக்கு எண் இல்லை என்பதைக் கண்டேன். பை எண் இல்லாமல் ஒதுக்கீடு கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த ‘வெயிட்டு, வெயிட்டு’ அந்த நொடியில் காதில் விழுந்தது. மேனேஜரிடம் சொன்னேன். என்னைவிட இருபது வயது சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடையாறுக்குப் போகும் ஆட்டோவில் அவர் சொன்னார்:

“சார், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. டெஸ்ட் எல்லாம் பாஸ், அவ்ளோதான். இன்னும் மூணு ஆஸ்பத்திரியோட பேசிக்கிட்டு இருக்கோம். இப்போ போய் நம்ம வாயால கெடுத்துக்காதீங்க.”

அந்த அறையில் டெக்னீஷியன் அம்மா ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். அன்று காலை வந்த எல்லாக் கோரிக்கைகளும் அவருடைய கையெழுத்தில் இருந்தன. அந்தப் பெண்ணின் பெயர் பத்து இருபத்தாறுக்குத்தான் வந்திருந்தது.

கண்காணிப்பாளர் அதைத் தொடவில்லை. “நீங்களே எழுதின ரிஜிஸ்டரை நீங்களே கொண்டுவந்து காட்டினா, அது சாட்சியாம்மா?”

“வேற யாரு சார் எழுதுவாங்க? அங்க நான் ஒருத்திதான கீறேன்?” என்றார் அவர். பிறகு என்னைக் கைகாட்டினார். “ரத்தம் எடுத்து வெச்சாச்சுன்னு இவரு கம்ப்யூட்டருதான் சொல்லிச்சு. நான் சொல்லல. என்னாண்ட யாரும் கேக்கவே இல்ல சார்.”

கண்காணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். “உங்க சிஸ்டம் தப்பா காட்டியிருக்க வாய்ப்பு இருக்கா?”

மேசைக்கடியில் மேனேஜரின் முழங்கால் என் முழங்காலைத் தொட்டது.

“முந்நூத்திப் பதினெட்டு டெஸ்ட்டும் பாஸ் ஆகியிருக்கு சார்” என்றேன்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. சோதனை முடிவுகளை அச்சடித்த என் மூன்று தாள்களை அவர் வாங்கி, பொறுமையாகப் புரட்டி, கோப்பில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மா தானே எழுதிய ரிஜிஸ்டரை நீட்டினார், அது செல்லுபடியாகவில்லை. நானும் நானே எழுதிய நிரலை, நானே செய்த டம்மியிடம் கேட்டு, நானே பச்சை அடித்துக் கொண்டுவந்திருந்தேன், அது செல்லுபடியானது. அச்சடித்திருந்ததுதான் வித்தியாசம். அவருடைய ரிஜிஸ்டராவது நடந்ததைப் பார்த்து எழுதியது.

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், இறுதி முடிவு ஒரு வாரத்தில், என்று அவரிடம் சொன்னார்கள். அவர் ரிஜிஸ்டரை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தார். படி இறங்கும்போது அவருக்குப் பின்னால் நான் போனேன். முப்பத்தாறு படிகள். ஒன்றில்கூட அவரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சைதாப்பேட்டை ரத்த வங்கிக்குப் போனேன். அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார். அனுமதி கேட்டு, மடிக்கணினியை அந்தப் பழைய கணினியோடு இணைத்து, பதினொரு மணி வரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு முறை கேட்டேன். பதினேழு முறை ‘வெயிட்’ என்று வந்தது. பிறகு பாலம் தாண்டி அடையாறுக்குப் போனேன். மேனேஜரின் அழைப்பு நான்கு முறை வந்தது; எடுக்கவில்லை. கண்காணிப்பாளரின் மேசையில், அவர் பார்க்கப் பார்க்க, டம்மிக்கு மூன்றாவது பதிலைச் சொல்லிக்கொடுத்தேன். வெயிட் என்று வந்தால் பச்சை வரக்கூடாது என்று ஒரு சோதனையை எழுதி ஓட்டினேன். முந்நூற்றுப் பதினெட்டு பச்சை, ஒன்று சிவப்பு. வேலை போய்விடும் என்ற பயத்தோடு மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

கண்காணிப்பாளர் அந்தச் சிவப்பை விரலால் தொட்டுக் காட்டினார். “இது நேத்தே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

அன்று மாலையே அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். என் வேலையும் போகவில்லை. மற்ற மூன்று மருத்துவமனைகளும் கிடைக்கவில்லை. மேனேஜர் அதன்பின் என்னிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. இப்போது எனக்கு எழுபத்தொன்று. என் மகன் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறான். அடுத்த அறையிலிருந்து யாரிடமோ “எல்லாம் கிரீன், போட்டுடலாம்” என்பான். யாரைக் கேட்டு கிரீன் என்று எழுந்து போய்க் கேட்பேன். அவன் பொறுமையாகத்தான் பதில் சொல்கிறான். அப்படியும் ரத்த அழுத்தம் பத்துப் புள்ளி ஏறிவிடுகிறது.

அந்த டெக்னீஷியன் அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று ரத்த வங்கிக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. மேசைமேல் ஆறு சோதனைக் குழாய்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார்; சிரிக்கவில்லை.

“நேத்து என் நாத்தனார் வூட்டாண்ட வந்து, ரத்தம் குடுக்காம ஒரு பொண்ண சாவடிக்கப் பாத்தியாமேன்னு கேட்டா சார். தெருவே நின்னு பாத்துச்சு. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவல.” கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்: “உனக்குத்தான் மொதல்லயே தெரியும்ல? அன்னிக்கு அந்த ரூம்லயே ஏன் சார் சொல்லல?”

என்னிடம் எண்கள் இருந்தன: முப்பத்தொன்றில் பதினேழு. அவர் கேட்டது அதை அல்ல. அவர் என் பதிலுக்காக நிற்கவும் இல்லை. முதல் குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எனக்கு முதுகைக் காட்டி வேலையைத் தொடங்கினார். ஆறு குழாய்களையும் அவர் பார்த்து முடிக்கும்வரை கதவருகே நின்றிருந்தேன். பிறகு வெளியே வந்து பேருந்து ஏறினேன்.