என் பெயருக்கு வந்த காசோலை

சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. மின்விசிறிக்கு மோட்டார் செய்யும் இடம் அது. நீண்ட மேசைகளின் இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றுவோம். வேலை போனதும் வேலை அனுமதி அட்டையும் ரத்தாகிவிட்டது. அங்கே இருந்த வங்கிக் கணக்கை மூடினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்தேன். இரண்டு பெட்டிகளோடு, அதே ஜொகூர் மாநிலத்தில் உள்ள என் சொந்த ஊரான ரெங்கத்துக்கு வந்துவிட்டேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பூட்டிக் கிடந்த வீடு அங்கே இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் செய்துகொள்ளவில்லை என்பதுதான் சரி.

வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது, அவருடைய வரிக்கணக்கு தீரும்வரை கம்பெனி கடைசிப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் என் கடைசிச் சம்பளமும் ஆட்குறைப்புக்கான தொகையும் நான் ரெங்கம் வந்த பிறகுதான் ஒரே காசோலையாகத் தபாலில் வந்தன. அது சிங்கப்பூர் வங்கியின் காசோலை, சிங்கப்பூர் வெள்ளியில், அதாவது டாலரில், எழுதியது. மூலையில் இரண்டு கோடு போட்டு, பெயருக்கு உரியவரின் கணக்கில் மட்டுமே போட வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். பெயர் என்னுடையது. எனக்கோ இப்போது அந்த ஊரில் கணக்கே இல்லை.

அண்ணன் சிங்கப்பூரில் நிரந்தரவாசி. செய்தி தெரிந்ததும் அன்றைக்கே கூப்பிட்டார்.

“அந்தச் செக்கை அங்க குளுவாங் பேங்க்ல போட்டேன்னா எப்ப மாறும்னு யாருக்கும் தெரியாது. கம்பெனிக்கு போன் பண்ணி என் பேர்ல மாத்தி எழுதிக் கொடுக்கச் சொல்லு. நான் இங்க போட்டா மறுநாளே காசு வந்துரும்” என்றார்.

“வந்ததும் எனக்கு அனுப்பிருவீங்களா?”

“உனக்கு என்ன அவசரம்? எங்கிட்டயே இருக்கட்டும். வேணுங்கும்போது கேட்டு வாங்கிக்க.”

அண்ணன் ஏமாற்றுக்காரர் இல்லை. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவர்தான் பார்த்தார். ஆனால் ‘கேட்டு வாங்கிக்க’ என்ற அந்த வார்த்தை எனக்கு ஒட்டவில்லை. விடியுமுன் எழுந்து பாலத்தில் நெரிசலில் நின்று, இரு பக்கமும் பாஸ்போர்ட்டை நீட்டி நீட்டிச் சம்பாதித்ததை நான் யாரிடமும் கேட்டு வாங்குவதாக இல்லை.

“நானே போட்டுக்கறேன், அண்ணா” என்றேன்.

“ஏன், அந்த வேனுக்கா?” என்று கேட்டார்.

ஆமாம், வேனுக்குத்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சீனப் பெரியவர் நெடுங்காலமாகப் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கண்புரை வந்து ஒரு கண் மங்கிப்போனதால் வேனை விற்கப் போவதாகச் சொன்னார். அதற்குள் நான் பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான உரிமத்தை எடுத்துவிட்டிருந்தேன். காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதையெல்லாம் பழகிக்கொண்டேன். எந்தச் செம்பனைத் தோட்டத்து முனையில் எந்தப் பிள்ளை நிற்கும், யாருக்கு வளைவில் குமட்டும், எந்த வீட்டு வாசலில் எத்தனை முறை ஹாரன் அடித்தாலும் ஆள் வராது என்பதெல்லாம் அவர் சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டேன். பணம் வந்ததும் வேன் எனக்கு என்று பேசி வைத்திருந்தோம்.

காசோலையை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரமான குளுவாங்கில் உள்ள வங்கிக்குப் போனேன். வெளிநாட்டுக் காசோலைகளைப் பார்க்கும் மேசையில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். கழுத்துப்பட்டை கட்டி, மிக மரியாதையாகப் பேசினான்.

“ஆன்ட்டி, உள்ளூர் செக்னா நாளைக்கே காசு ஏறிரும். இது அப்படி இல்லை. இங்கேருந்து கே.எல். ஹெட் ஆபீஸுக்குப் போகணும், அங்கேருந்து சிங்கப்பூர் போகணும். அவங்க பார்த்து சரின்னு சொன்னாதான் காசு திரும்பி வரும். சில வாரம் ஆகும்.”

“தம்பி, ஜொகூர் பாரு கடற்கரையில நின்னா அந்த ஊரு பில்டிங் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது.”

“தெரியுது, ஆன்ட்டி. செக்கு அந்த வழியா போகாது” என்றான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையைச் சொன்னான்.

அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை இங்கே வங்கி திறந்திருக்கும். கே.எல். என்கிற கோலாலம்பூரும் சிங்கப்பூரும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை அங்கே திறந்திருக்கும், இங்கே மூடியிருக்கும். மூன்று இடமும் சேர்ந்து விழித்திருக்கும் நாட்கள் வாரத்தில் நான்குதான் என்று அந்தப் பையன் விளக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, “சிங்கப்பூர்ல அண்ணன் தம்பி யாராச்சும் இருந்தா அவங்க பேருக்கு மாத்தி வாங்கிக்கலாம், ஆன்ட்டி. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க” என்றான்.

“நான் காத்திருக்கேன். நீங்க அனுப்புங்க” என்றேன்.

காத்திருந்தேன். கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தேன். பக்கத்துத் தேவாலயத்தில் திருமணங்களுக்குச் சமைக்கும் பெண்களோடு போய் வெங்காயம் உரித்தேன். அண்ணன் ஞாயிறுதோறும் கூப்பிட்டு, “வந்திருச்சா?” என்று கேட்பார். “இன்னும் இல்லை” என்பேன். மறுமுனையில் “ம்” என்பார். அந்த ‘ம்’முக்குள் அவர் சிரிப்பது எனக்குத் தெரியும்.

பிறகு ஒருநாள் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. பணம்தான் வந்துவிட்டது என்று நினைத்து நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனேன். அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமல் காசோலையை மேசைமேல் வைத்தான்.

“திரும்பி வந்திருச்சு, ஆன்ட்டி. பேரு ஒத்துப்போகலைன்னு கே.எல்.லயே நிறுத்திட்டாங்க.”

எங்கள் ஊர் அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/பி’ என்று இருக்கும். மலாய் மொழியில் ‘மகள்’ என்பதன் சுருக்கம். சிங்கப்பூரில் அதே இடத்தில் ‘டி/ஓ’ என்று எழுதுவார்கள். அது ஆங்கிலத்தில் ‘மகள்’. காசோலையைத் தட்டச்சு செய்தவள் தன் ஊர்ப் பழக்கத்தில் ‘டி/ஓ’ என்று அடித்திருந்தாள்.

கம்பெனியிடம் போய் வேறு காசோலை வாங்கி வரச் சொன்னான். எந்தக் கம்பெனியிடம்? தொழிற்சாலை வாசலில் பூட்டு. கணக்குப் பார்க்கும் நிறுவனம் ஒன்று எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து மிச்சத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தது. மறுபடி கேட்டால் முதலிலிருந்து தொடங்குவார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்.

“மேனேஜரைக் கூப்பிடுங்க, தம்பி.”

“அவங்க மீட்டிங்ல இருக்காங்க.”

“முடியட்டும். நான் இங்கேதான் இருப்பேன்.”

அவன் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை நான் விடவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களைப் பக்கத்து மேசைக்கு அனுப்பினான். காவலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் மேலாளர் வந்தார். என் வயதுள்ள மலாய்ப் பெண், மூக்குக்கண்ணாடியை முக்காட்டின் மேல் தள்ளி வைத்திருந்தார். விதி என்னவென்று பொறுமையாகச் சொன்னார். நானும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மலாயில் சொன்னேன்:

“இந்த நாட்டிலே நான் எங்க அப்பாவுக்கு மகள். அந்த நாட்டிலேயும் மகள்தான். பாலத்தைத் தாண்டினதும் நான் வேற யாருக்கும் பொறக்கலை. சந்தேகம் இருந்தா அப்பாவையே கேட்கலாம். ரெங்கம் கல்லறையில இருக்காரு. வாங்க, கூட்டிட்டுப் போறேன்.”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மேலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. “உங்கள் பழைய வேலை அட்டை இருக்கிறதா?” என்று கேட்டார். இருந்தது. ரத்தான அட்டையின் நகல், பாஸ்போர்ட், கடைசிச் சம்பளச் சீட்டு எல்லாம் பையிலேயே வைத்திருந்தேன். இருபது வருடம் எல்லை தாண்டியவளுக்கு அந்தப் பழக்கம் விடாது. எல்லாவற்றிலும் ஒரே எண் இருப்பதைக் காட்டினேன். அவர் என் முன்னாலேயே கோலாலம்பூருக்குத் தொலைபேசியில் பேசினார். முதலில் மெதுவாகப் பேசினார், பிறகு அவ்வளவு மெதுவாக இல்லை. வைத்துவிட்டு, “திரும்ப அனுப்புகிறோம். என் கையெழுத்தோடு போகும். ஆனால் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்” என்றார்.

“காத்திருக்கேன்” என்றேன்.

அந்த இரண்டாவது காத்திருப்பில்தான் வேன் போனது. சீனப் பெரியவர் தாமே வீட்டுக்கு நடந்து வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கையில் ஒரு பை பப்பாளிப்பழம் வைத்திருந்தார். மெர்சிங் என்ற ஊரிலிருந்து ஒருவர் ரொக்கத்தோடு வந்துவிட்டதாகவும், கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டதாகவும், இதற்கு மேல் தம்மால் பொறுக்க முடியவில்லை என்றும் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதைவிட அதிகமாகவே எனக்காகப் பொறுத்திருந்தார். அவர் போன பிறகு பப்பாளியை அறுக்காமல் சமையல் மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அண்ணன் குடும்பத்தோடு வந்தார். சாப்பிட்டு முடித்து, அண்ணி பாத்திரம் கழுவ எழுந்ததும் ஆரம்பித்தார்.

“சொன்னேன்ல. என் பேருக்கு வாங்கியிருந்தா இந்நேரம் வேன் உன் வாசல்ல நின்னிருக்கும்.”

“நின்னிருக்காது, அண்ணா. உங்ககிட்ட காசு இருந்திருந்தா, வேன் வேணாம், பொம்பள பிள்ளைக்கு அது சரிப்படாதுன்னு சொல்லி நீங்க அதைக் கொடுத்திருக்க மாட்டீங்க.”

“உன் நல்லதுக்குத்தானே சொல்வேன்?”

“என் நல்லது எதுன்னு எனக்குத் தெரியும். காசு லேட்டா வரட்டும், குறைஞ்சு வரட்டும். எனக்கு வரட்டும்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காரில் ஏறச் சொன்னார். அண்ணி மட்டும் ஈரக் கையோடு வந்து என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். அவர் எந்தப் பக்கம் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

பணம் வந்தது. இரண்டு நாட்டு வங்கிகளும் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. மாற்று விகிதத்திலும் கொஞ்சம் போயிருந்தது. அந்தப் பையன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விளக்க வந்தான். “சரி தம்பி, புரியுது” என்று நிறுத்திவிட்டேன். கணக்கில் என் பெயர் ‘ஏ/பி’யோடு இருந்தது. அது போதும்.

யோங் பெங் ஊரில் ஒரு பட்டறைக்காரரிடம் வேறொரு வேன் கிடைத்தது. முதல் வேனைவிடப் பழையது. பின்கதவு உள்ளிருந்து திறக்காது, குளிர்சாதனம் இருமிக்கொண்டே ஓடும். விலை பேசும்போது பட்டறைக்காரர், “வீட்டுக்காரர் வரலையாக்கா?” என்று கேட்டார். “நான்தான் வீட்டுக்காரர்” என்றேன். பெரியவர் பழக்கிக் கொடுத்த பாதையை மெர்சிங்காரர் எடுக்கவில்லை. வேனை மட்டும்தான் கொண்டுபோயிருந்தார். கண்ணில் கட்டோடு பெரியவரே என்னை வீடு வீடாகக் கூட்டிப்போய், இனிமேல் இவள்தான் ஓட்டுவாள் என்று பெற்றோர்களிடம் சொன்னார். சில வீடுகளில் தயங்கினார்கள். ஒரு வீட்டில், பெண் டிரைவர் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அந்த இருக்கையில் வேறு பிள்ளை உட்கார்ந்தது.

பள்ளி வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. மதிய வெயிலில் அதன் நிழலில்தான் ஆண் ஓட்டுநர்கள் வேன்களை வரிசையாக நிறுத்திவிட்டு, சிகரெட் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். முதல் நாள் நான் போனபோது ஒருவர் கையை நீட்டி, வெயிலில் கிடந்த மண்மேட்டைக் காட்டினார். “புதுசா வர்றவங்க அங்கதான் போடணும், அக்கா.”

நான் கண்ணாடியை இறக்கி, “நிழல்ல ரெண்டு வேனுக்கு இடம் இருக்கு” என்றேன். வேனைப் பின்னோக்கி எடுத்து, அவருடைய வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் நிறுத்தினேன். இறங்கிப் பின்கதவை வெளியிலிருந்து திறந்து வைத்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.